எல்லாம் முடி உருண்டை இல்லை

(பூனை வளர்ப்போர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்)

டாக்டர், எங்கள் பூனைக்கு நான்கு வயது, நீளமான முடி. போன வாரம் நடுராத்திரியில் வயிற்றை எக்கி எக்கி, சாம்பல் நிறத்தில் விரல் நீளத்துக்கு எதையோ கக்கியது. எலியைத்தான் விழுங்கிவிட்டதோ என்று பயந்துபோனோம். இரண்டு மாதத்துக்கு முன்பும் இப்படி நடந்தது. தடுக்க முடியுமா?

எலி என்று பயந்தவர்கள் நீங்கள் மட்டுமில்லை. அதைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி எடுத்து வந்து என் மேஜைமேல் வைத்தவர்களும் உண்டு. முடி உருண்டை என்றுதான் பெயர், ஆனால் உருண்டையாக இருக்காது. உணவுக்குழாயில் நெரிபட்டு வெளியே வருவதால் சுருட்டு மாதிரி நீண்டுவிடும்.

பூனை உங்கள் கையை நக்கினால் உப்புத்தாளால் தேய்த்ததுபோல் இருக்கும். நாக்கு முழுக்கச் சின்னச் சின்ன முட்கள், எல்லாம் தொண்டைப் பக்கமாகவே வளைந்திருக்கும். அதில் சிக்கிய முடியைப் பூனையால் துப்ப முடியாது, விழுங்கத்தான் வேண்டும். முடி செரிக்காது என்றாலும் பெரும்பாலும் மலத்தோடு போய்விடும். வயிற்றில் தங்கித் திரண்டதுதான் ராத்திரியில் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது. நீள முடிப் பூனை எப்போதாவது ஒன்று கக்கி, உடனே பழையபடி சாப்பிட்டு விளையாடினால் நான் கவலைப்பட மாட்டேன்.

குறைக்க வழி சீப்புதான். உலோகச் சீப்பால் தினமும் ஐந்து நிமிடம் சீவுங்கள். வாலை வெடுக்கென்று ஆட்டத் தொடங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான், விட்டுவிடுங்கள். சீவி முடித்ததும் ஈரத்துணியைப் பிழிந்து ஒருமுறை நீவிவிடுங்கள். பலர் இதைச் செய்வதில்லை. சீப்பு கிளப்பிவிட்ட முடியெல்லாம் மேலேயே கிடக்கும், அடுத்த பத்து நிமிடத்தில் பூனை அத்தனையையும் நக்கி உள்ளே தள்ளிவிடும். சடை விழுந்திருந்தால் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். பூனையின் தோல் மெல்லியது, சடையோடு சேர்ந்து மேலே எழும்பும். முடி என்று நினைத்துத் தோலை வெட்டிவிட்டுத் தூக்கி வந்த பூனைகளுக்கு நிறையத் தையல் போட்டிருக்கிறேன்.

முடி உருண்டைக்கான பேஸ்ட் வாங்கினேன். மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. அதற்குப் பதில் மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் லிக்விட் பாரஃபின் எண்ணெயை வாயில் ஊற்றலாமா? வெண்ணெய் கொடுக்கலாமா?

பாரஃபின் கூடவே கூடாது. அதற்கு வாசனையும் இல்லை, ருசியும் இல்லை. அதனால் தொண்டையில் இறங்குவதைப் பூனை சரியாக உணராது. வழி தவறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியாதான். முடியை எடுக்கப் போய் உயிருக்கே ஆபத்தை வரவழைக்க வேண்டாம். வெண்ணெயால் பயனில்லை. அது செரித்துவிடும், முடியை வழுக்கி நகர்த்த எதுவும் மிஞ்சாது.

பேஸ்ட்டை முன்னங்காலில் கொஞ்சம் தடவிவிடுங்கள். கால் அழுக்காக இருப்பதைப் பூனை பொறுத்துக்கொள்ளாது, தானே நக்கிவிடும். உணவோடு தராமல் இரண்டு வேளைக்கு நடுவில் கொடுங்கள். மருத்துவரைக் கேட்காமல் மாதக்கணக்கில் தொடர வேண்டாம்.

என் பூனைக்குக் குட்டை முடி. வாரத்தில் மூன்று நாளாவது தரையோடு பதுங்கி, கழுத்தை நீட்டி 'ஹக் ஹக்' என்கிறது. ஆனால் எதுவும் வெளியே வருவதில்லை. முடி உள்ளேயே சிக்கியிருக்கிறதா?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்த வாரம் பூனைக் கடிதங்களைக் கையில் எடுத்தேன். நீங்கள் சொல்வது இருமல்போல இருக்கிறது.

இதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் வெட்கம்தான். என் வீட்டுப் பூனை மிளகு இப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். அப்போது நான் மருத்துவராகி எட்டு வருடம். "முடிதான், வந்துவிடும்" என்று மூன்று மாதம் பேஸ்ட் தடவிக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்த்த தோழி ஒருநாள் என் செல்போனில் இருந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, "வயிறு எக்கவே இல்லையே, கவனிக்கவில்லையா?" என்றாள். எக்ஸ்ரே எடுத்து மற்ற சோதனைகளும் செய்தோம். ஆஸ்துமா. பிறகு முகமூடி வைத்த குழாய் வழியாக இன்ஹேலர் கொடுத்தோம், அடங்கிவிட்டது.

கக்கும்போது எச்சில் ஒழுகும், வயிறு அலையலையாக எக்கும், கடைசியில் எதாவது வெளியே வரும். இருமும்போது உடம்பு தாழ்ந்து கழுத்து நீளும், முடிவில் ஒரு மிடறு விழுங்கிவிட்டு ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து போய்விடும். உங்கள் பூனை அடுத்த முறை செய்யும்போது வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் வாயால் 'ஹக் ஹக்' என்று நடித்துக் காட்டுவதைவிட அது உதவும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் வீடியோவுக்கெல்லாம் காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள்.

வாரம் ஒரு உருண்டை கக்குகிறது. வயிற்றுப் பக்கம் முடியும் குறைந்து வழுக்கையாகத் தெரிகிறது.

உருண்டையை விடுங்கள், ஏன் இவ்வளவு நக்குகிறது என்று பாருங்கள். தெள்ளுப்பூச்சி, அலர்ஜி, மனக்கலக்கம் எதுவாகவும் இருக்கலாம். சிறுநீர்ப்பை வலித்தாலும் அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருக்கும். குடல் சரியாக நகராததாலும் உருண்டை அடிக்கடி வரும். பேஸ்ட் இதையெல்லாம் சரிசெய்யாது, பரிசோதனை வேண்டும்.

எப்போது அவசரம்?

திரும்பத் திரும்ப எக்கியும் ஒன்றும் வராமல், சாப்பாட்டையும் தொடாமல் சுருண்டு கிடந்தால் அன்றைக்கே காட்டுங்கள். வயிறு உப்பினாலும், மலம் போகாவிட்டாலும் அப்படியே. குடலில் அடைத்திருந்தால் அறுவைச் சிகிச்சைகூடத் தேவைப்படலாம். 'நாளைக்குச் சாப்பிடும்' என்று இரண்டு மூன்று நாள் பட்டினியாக விட்டால், முக்கியமாகக் குண்டுப் பூனைகளுக்கு, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அது தனி நோயாகிவிடும். வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். மறுமுனை குடலில் மாட்டியிருந்தால் நீங்கள் இழுக்கும் நூல் குடலை அறுத்துவிடும். அப்படியே தூக்கிக்கொண்டு வாருங்கள்.