பழைய டீசல் பிக்கப்: ராமா, ஃபோர்டா, செவியா?

2015-ஆம் ஆண்டு ராம் 2500, ஃபோர்டு எஃப்-250, செவி சில்வராடோ 2500 என்ற மூன்று பழைய டீசல் பிக்கப்பில் எதை வாங்கலாம் என்று கேட்டீர்கள். ராமை எடுங்கள். மற்ற இரண்டையும் ஒதுக்கச் சொல்லவில்லை. ஆனால் மூன்றும் லட்சம் மைல் தாண்டியவை என்கிறீர்களே, அதனால்தான்.

பயமெல்லாம் இன்ஜினுக்கு உயர் அழுத்தத்தில் டீசலைத் தள்ளும் பம்பில். அந்த ஆண்டு ஃபோர்டிலும் செவியிலும் இருப்பது பாஷ் நிறுவனத்தின் சிபி4 பம்ப். ராமின் 6.7 லிட்டர் கம்மின்ஸ் இன்ஜினில் அதற்கு முந்தைய பழைய சிபி3. அமெரிக்க டீசலில் கந்தகம் குறைவு, வழுவழுப்பும் குறைவு. தண்ணீரோ காற்றோ சேர்ந்தால் சிபி4-க்குள் இருக்கும் உருளை பக்கவாட்டில் திரும்பி, அதைத் தள்ளும் கேம் என்ற சுழலும் தண்டைச் சுரண்டும். அந்த இரும்புத்தூள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் வரை போய்விடும். அப்புறம் பம்பை மட்டும் மாற்றிப் பயனில்லை, மொத்த எரிபொருள் அமைப்பையும் மாற்ற வேண்டும். 2019 மாடலில் ராமும் சிபி4-க்கு மாறி, 2021 மாடலில் சிபி3-க்கே திரும்பியது; சிபி4 வண்டிகளை ரீகால் செய்து திரும்ப அழைக்கவும் வேண்டியதாயிற்று. இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஃபோர்டோ செவியோ மனதில் நின்றால், வாங்கும் முன் டீசல் ஃபில்டரின் அடியில் இருப்பதை ஒரு கண்ணாடி பாட்டிலில் வடித்து வெயிலில் பிடியுங்கள். மினுமினுத்தால் அடியில் ஒரு காந்தத்தை நகர்த்துங்கள். துகள் கூடவே நகர்ந்தால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். தெளிவாக இருந்தால் பம்ப் இன்றைக்கு நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். நாளைக்கு உத்தரவாதம் இல்லை.

ராமிலும் ஒரு சிக்கல்: இன்ஜின் தாங்கும், 68ஆர்எஃப்இ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அந்த அளவு தாங்காது. கனமான டிரெய்லர் இழுப்பீர்கள் என்றால் வாங்கும் முன் சுமையோடு ஓட்டிப் பாருங்கள். புகையைச் சுத்தம் செய்யும் கருவிகளை யாராவது கழற்றியிருந்தால், எந்த பிராண்டானாலும் வேண்டாம்.