மூடிய பிறகும் தெரியும் கலர் கட்டங்கள்

வாசகர் கேள்விக்கு லேப்டாப் மெக்கானிக் பதில்

கேள்வி: சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் டிசைனராக இருக்கிறேன். காலண்டர் சீசனில் காலையில் டிசைன் சாஃப்ட்வேரான கோரல்டிராவைத் திறந்தால் இரவுதான் மூடுவேன். லேப்டாப் 15.6 இன்ச், ஐபிஎஸ் திரை. கொஞ்ச நாளாகக் கோரலை மூடிய பிறகும் வலது ஓரத்தில் கலர் பேலட்டின் குட்டிக் கட்டங்கள் மங்கலாகத் தெரிகின்றன. கீழே டாஸ்க்பார் கோடும் அப்படியே நிற்கிறது. கடையில் காட்டினால், "டிஸ்ப்ளே எரிஞ்சுபோச்சு, மாத்தணும்" என்கிறார்கள். மாற்றித்தான் ஆகவேண்டுமா ஐயா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பணத்தைப் பத்திரமாக வையுங்கள். ஐபிஎஸ் என்பது எல்சிடி வகை. அதன் படத்தில் எரிந்துபோக ஒன்றுமே இல்லை. வெளிச்சம் தருவது பின்னால் இருக்கும் எல்இடி பட்டை. எந்தப் புள்ளியில் எவ்வளவு வெளிச்சம் வரவேண்டும் என்பதைத் திரவப் படிகங்கள் திரும்பி நின்று பார்த்துக்கொள்கின்றன. அவற்றைத் திருப்புவது மின்னழுத்தம். அந்த அழுத்தத்தை ஒரே திசையில் கொடுத்துக்கொண்டே இருந்தால் படிகம் கெட்டுவிடும் என்பதால், ஃபிரேமுக்கு ஃபிரேம் பிளஸ், மைனஸ் என்று மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள்.

இந்த பிளஸ்ஸும் மைனஸும் துல்லியமாகச் சமமாக இருந்துவிட்டால் நீங்கள் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். துளி ஏறுமாறாக இருந்தாலும், படிகத்தோடு கலந்திருக்கும் அயனிகள் (மின்னூட்டம் உள்ள துகள்கள்) ஒரு பக்கமாக ஒதுங்கிப் படிந்துவிடும். படம் மாறிய பிறகும் அந்த மின்னூட்டம் படிகத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கும். நீங்கள் பார்க்கும் கலர் கட்டம் அதுதான். கோரைப்பாயில் படுத்து எழுந்தால் கையில் பாயின் அச்சு விழுந்து, கொஞ்ச நேரம் இருந்து மறைகிறதே, அந்த மாதிரி.

ஆனால் பேனல், அதாவது திரைப் பலகைதான் காரணமா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். நிழல் தெரியும்போதே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை உங்கள் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். அதே லேப்டாப்பில் திறந்து பார்த்தால் பயனில்லை, நிழல் அதன் மேலும்தான் விழும். போனில் கட்டங்கள் தெரிந்தால் கோளாறு சாஃப்ட்வேரிலோ கிராபிக்ஸிலோ இருக்கிறது. தெரியவில்லை என்றால் பேனல்தான்.

அடுத்து, விண்டோஸில் உள்ள பெயின்ட் சாஃப்ட்வேரில் சாம்பல் நிறத்தை நிரப்புங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 128. எஃப்11 அழுத்தினால் முழுத் திரைக்கும் வரும். சுத்த வெள்ளையிலும் கறுப்பிலும் ஒளிந்துகொள்ளும் நிழல் இந்த நடுச்சாம்பலில் அப்பட்டமாகத் தெரியும். போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், குறைகிறதா என்று பின்னால் ஒப்பிட உதவும்.

வைத்தியம் பெரிதாக ஒன்றுமில்லை. இரவு லேப்டாப்பை ஷட்டவுன் செய்துவிட்டுப் போங்கள். மூடியை மட்டும் சாத்திவிட்டு, உள்ளே அது ஓடிக்கொண்டே பைக்குள் வேகும்படி விடாதீர்கள். அவசரமென்றால் முழு வெள்ளைத் திரையையோ ஓடும் வீடியோவையோ சில மணி நேரம் விடலாம். பெரும்பாலும் ஓரிரு இரவில் போய்விடும். போகாவிட்டால் இன்னும் இரண்டு இரவு பொறுங்கள்.

சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பல லேப்டாப்புகளில் விசிறியின் சூடான காற்று கீல் பக்கமாக வெளியேறித் திரையின் அடிப்பகுதியில்தான் மோதும். எல்இடி பட்டையும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. டாஸ்க்பார் உட்கார்ந்திருப்பதும் அங்கேயே. சூடு கூடினால் அயனிகளின் நடமாட்டமும் கூடும். சிவகாசியின் சித்திரை வெயிலில், ஏசி இல்லாத அறையில் டாஸ்க்பார் கோடு அழுத்தமாக விழுவதில் அதிசயமில்லை. லேப்டாப்பின் பின்பக்கத்தைத் தூக்கி வையுங்கள், விசிறித் தூசியைத் தட்டுங்கள், பிரகாசத்தைக் குறையுங்கள். டாஸ்க்பாரை ஆட்டோ ஹைடில் போடுங்கள். திரை ஐந்து நிமிடத்தில் தானாக அணையும்படி பவர் செட்டிங்கில் வைத்துவிடுங்கள். கோரலில் எஃப்9 அழுத்தினால் டூல்களெல்லாம் மறைந்து படம் மட்டும் நிற்கும். டீ குடிக்கப் போகும்போதாவது அதை அழுத்திவிட்டுப் போங்கள்.

உங்கள் தொழிலுக்கு என்று ஒன்று சொல்கிறேன். நிழல் முழுக்கப் போகும்வரை அந்த ஓரத்தில் வைத்து நிறத்தை முடிவு செய்யாதீர்கள். முருகன் முகத்தில் மஞ்சள் ஒரு சொட்டுக் கூடிவிட்டதோ என்று நினைத்து நீங்கள் குறைப்பீர்கள், பிளேட் போட்டு அச்சடித்த பிறகு முகம் வெளிறிக் கிடக்கும். படத்தைத் திரையின் நடுவுக்கு இழுத்து வைத்துப் பாருங்கள்.

அப்படியானால் பேனலை எப்போதுதான் மாற்றுவது? கறுப்பு வெள்ளைச் சதுரங்கக் கட்டத்தைப் பத்து நிமிடம் திரையில் வைத்துவிட்டுச் சாம்பலுக்கு மாற்றுங்கள். அதற்குள்ளேயே கட்டங்கள் பளிச்சென்று பதிந்து நெடுநேரம் நின்றால், திரை லேசாகத் துடிக்கவும் செய்தால், பேனலின் அழுத்தச் சமநிலையே சரியில்லை. வாரன்டி இருந்தால் அந்த போட்டோவோடு போய்க் கேளுங்கள். இல்லையென்றால் பழைய பேனலின் முதுகில் உள்ள பார்ட் நம்பரையும், கேபிள் 30 பின்னா 40 பின்னா என்பதையும் பார்த்துத்தான் புதிது வாங்கவேண்டும். 2012ல் வந்த ரெட்டினா மேக்புக் ப்ரோவிலேயே இந்தப் புகார் கிளம்பி நீதிமன்றம் வரை போனது. ஒரே மாடலில் எல்ஜி பேனலும் சாம்சங் பேனலும் வந்தன. நிழல் விழுகிறது என்று சொன்னவர்கள் பெரும்பாலும் எல்ஜி பேனல்காரர்கள். அதிக விலை கொடுத்து வாங்கியவர்களுக்கே அந்த நிலை, நீங்கள் மனம் தளர வேண்டாம்.

கேள்வி: என்னுடையது ஓஎல்இடி லேப்டாப். டாஸ்க்பார் ஐகான்கள் பதிந்துவிட்டன. இதுவும் தானாகப் போகுமா? (கல்லூரி ஆசிரியை, நாகர்கோவில்)

பதில்: வருத்தமான பதில்தான் அம்மா. ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிவிடுகிறது. எந்தப் புள்ளி அதிகம் உழைத்ததோ அது சீக்கிரம் மங்கும், அதிலும் நீலம் முதலில் களைக்கும். ஐகான் இருந்த இடம் மற்ற இடங்களைவிடத் தேய்ந்துவிட்டது. தேய்ந்தது திரும்பாது. இரண்டு நாள் அணைத்து வைத்துப் பாருங்கள், தற்காலிக நிழலாக இருந்தால் போகட்டும். உங்கள் கம்பெனி சாஃப்ட்வேரில் பிக்சல் ரெஃப்ரெஷ் (புள்ளிகளின் ஒளியைச் சமப்படுத்தும் வசதி) இருந்தால் ஒருமுறை ஓட்டலாம். மேலே சொன்ன வெள்ளைத் திரை வைத்தியம் மட்டும் உங்களுக்கு ஆகாது, அது மிச்சப் புள்ளிகளையும் தேய்க்கும். இனி டார்க் தீம், மறையும் டாஸ்க்பார், குறைந்த பிரகாசம். பேனல் மாற்றுவதென்றால் சாதாரண ஐபிஎஸ் விலையை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள்.

கேள்வி: கலர் கலராக மின்னும் வீடியோ ஓட்டினால் நிழல் போய்விடும் என்கிறார்களே?

பதில்: அது ஒரே நிறத்தில் மாட்டிக்கொண்ட தனிப் புள்ளியை உசுப்புவதற்கானது. நிழலுக்கு அதில் தனி மருந்து கிடையாது. அந்த மின்னலைப் பார்த்தால் வலிப்பு, ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குத் தொந்தரவு வரலாம்.

கேள்வி: என் திரையில் கீபோர்டு கட்டங்களே பதிந்திருக்கின்றன. இது எந்த வகை?

பதில்: விரல் எண்ணெய் வகை! மூடியைச் சாத்தும்போது கீகள் திரையில் ஒட்டுகின்றன. லேப்டாப்பை அணைத்துவிட்டு, மைக்ரோஃபைபர் துணியில் லேசாகத் தண்ணீர் தொட்டு அழுத்தாமல் துடையுங்கள். ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே வேண்டாம், திரையின் மேல்பூச்சு போய்விடும்.