விழுந்துகொண்டே சுற்றும் பூமி: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஜனவரி தொடக்கத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருகிறது என்று படித்தேன். அப்படியானால் வட அரைக்கோளத்தில் அப்போது ஏன் குளிர்காலம்?

பதில்: நீங்கள் படித்தது சரியே. ஜனவரி முதல் வாரத்தில் சூரியனுக்கும் பூமிக்கும் இடையே ஏறத்தாழ 14.71 கோடி கிலோமீட்டர் தொலைவு இருக்கிறது. ஜூலை முதல் வாரத்தில் அது 15.21 கோடி கிலோமீட்டராகிறது. சுற்றுப்பாதையைச் சாய்வாகப் பார்ப்பதுபோல் பாடநூல்களில் வரைவதால், முட்டை வடிவப் பாதை ஒன்று நம் மனத்தில் பதிந்துவிடுகிறது என்பதே இந்தக் குழப்பத்தின் வேர் என்று கருதுகிறேன். உண்மையான பாதையை ஒரு மீட்டர் நீளத்துக்குத் தாளில் வரைந்தால் அதன் அகலம் 0.14 மில்லிமீட்டர்தான் குறைவாக இருக்கும். பென்சில் கோட்டின் தடிப்பே அதைவிட அதிகம். சூரியன் மட்டும் மையத்திலிருந்து 8 மில்லிமீட்டர் விலகி நிற்கும்.

இந்த விலகலால் ஜனவரியில் பூமி முழுவதற்கும் ஜூலையைவிட 7 விழுக்காடு அளவுக்கு அதிக ஒளி கிடைக்கிறது. ஆனால் அச்சின் 23.4 பாகைச் சாய்வு ஏற்படுத்தும் மாற்றத்துக்கு முன் இது மிகச் சிறியது. இருட்டறையில் டார்ச் விளக்கை ஒரு தாளின்மேல் நேராகப் பிடித்துப் பாருங்கள்: சிறிய, பளிச்சென்ற வட்டம் விழும். விளக்கை அசைக்காமல் தாளை மட்டும் சாய்த்தால் அதே ஒளி நீண்டு பரவி மங்கிவிடும். வடக்கே 60 பாகை அட்சரேகையில், ஜூன் மாதக் கதிர்த்திருப்ப நாளின் (ஆண்டின் மிக நீண்ட பகல் கொண்ட நாள்) நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 53 பாகை உயரத்தில் நிற்கிறது. டிசம்பரில் அது 7 பாகையைக்கூட எட்டுவதில்லை. காற்று மண்டலம் விழுங்குவதைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும், சமதரையில் விழும் நண்பகல் ஒளி ஏழில் ஒரு பங்காகக் குறைகிறது. பகல் நேரமோ ஏறத்தாழ 19 மணியிலிருந்து 6 மணியாகச் சுருங்குகிறது. அதே டிசம்பரில் தென் அரைக்கோளம் சூரியனை நோக்கிச் சாய்ந்திருப்பதால் அங்கே கோடை. தொலைவுதான் காரணமென்றால் இரு பாதிகளிலும் ஒரே நேரத்தில் குளிர்காலம் வர வேண்டும்.

கேள்வி: ஒரு நாள் என்பது 24 மணி நேரமா, 23 மணி 56 நிமிடமா?

பதில்: இரண்டும் சரி, எதை வைத்து அளக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு. தொலைவிலுள்ள விண்மீன்களை வைத்து அளந்தால் பூமி ஒரு முறை சுழல 23 மணி 56 நிமிடம் 4 நொடி ஆகிறது. சூரியன் உச்சியைக் கடந்து மீண்டும் உச்சிக்கு வரும் இடைவெளி சராசரியாக 24 மணி நேரம்.

இதை உடலால் உணர ஒரு வழி உண்டு. அறை நடுவில் நாற்காலி ஒன்றை வைத்து, அதிலிருந்து முகத்தைத் திருப்பாமல் அதை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். நாற்காலி உங்கள் பார்வையிலிருந்து ஒருமுறைகூட மறையவில்லை. ஆனால் நான்கு சுவர்களையும் உங்கள் முகம் பார்த்துவிட்டது, அதாவது நீங்கள் ஒரு முழுச் சுழற்சி சுழன்றுவிட்டீர்கள். நாற்காலியைச் சூரியனாகவும் சுவர்களை விண்மீன்களாகவும் கொண்டால், ஓராண்டில் சூரிய நாள்களைவிட ஒரு சுழற்சி கூடுதலாக இருப்பது ஏன் என்பது விளங்கிவிடும்: 365.24 நாள்களில் பூமி 366.24 முறை சுழல்கிறது. அந்த ஒரு சுழற்சியை ஆண்டின் நாள்களுக்குப் பங்கிட்டால் கிடைப்பதுதான் அந்த நான்கு நிமிடக் குறைவு. நேற்று பார்த்த விண்மீன் இன்று நான்கு நிமிடம் முன்னதாக உதிப்பதும் இதனால்தான்.

கேள்வி: சூரியன் இவ்வளவு வலுவாக இழுக்கும்போது பூமி அதில் போய் விழாதது ஏன்?

பதில்: விழுந்துகொண்டுதான் இருக்கிறது. ஒவ்வொரு நொடியும் பூமி தன் பாதையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் முன்னேறுகிறது. அதே நொடியில், நேர்கோட்டில் சென்றிருந்தால் இருந்திருக்கும் இடத்திலிருந்து சூரியனை நோக்கி 3 மில்லிமீட்டர் விழுகிறது. முப்பது கிலோமீட்டருக்கு மூன்று மில்லிமீட்டர் என்ற இந்த வளைவுதான், ஓராண்டில் முழுப் பாதையாக மூடிக்கொள்கிறது. முன்னோக்கிய வேகத்தைத் தடுக்க விண்வெளியில் காற்றோ வேறெதுவோ இல்லாததால் இந்த விழுதல் ஒருபோதும் மோதலில் முடிவதில்லை.

அருகில் இருக்கும்போது நொடிக்கு 30.3 கிலோமீட்டர், தொலைவில் 29.3 கிலோமீட்டர் என வேகம் மாறும். வானியலாளர் கெப்ளர் 1609-இல் வெளியிட்ட விதி இதைத்தான் சொல்கிறது. இதன் விளைவாக வட அரைக்கோளத்தின் குளிர்காலம் ஏறத்தாழ 89 நாள்களில் முடிந்துவிட, கோடை 94 நாள்கள் வரை நீள்கிறது.

கேள்வி: விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு இல்லாததால்தானே வீரர்கள் மிதக்கிறார்கள்?

பதில்: இல்லை. அந்த நிலையம் பறக்கும் 400 கிலோமீட்டர் உயரத்தில், தரையிலுள்ள ஈர்ப்பில் ஏறத்தாழ 90 விழுக்காடு அப்படியே இருக்கிறது. நிலையமும் வீரர்களும் ஒரே வேகத்தில் சேர்ந்து விழுவதால் ஒருவரை மற்றொன்று தாங்குவதில்லை, மிதப்பது அதனால்தான். முந்தைய பதிலில் சொன்னதேதான் இங்கும் நடக்கிறது.

கேள்வி: பூமி சுழல்வது நமக்கு ஏன் தெரிவதில்லை?

பதில்: நிலநடுக்கோட்டில் நொடிக்கு 465 மீட்டர் வேகம் இருந்தாலும் அது சீரானது, உடல் உணர்வது வேகத்தின் மாற்றத்தையே. திசை மெல்ல மாறுவதால் அங்கு நம் எடை 0.3 விழுக்காடு குறைகிறது; இதை நுட்பமான கருவி உணரும், கால்கள் உணரா.

கேள்வி: நாளின் நீளம் கூடிக்கொண்டே போகிறது என்பது உண்மையா? யாரால் அதை அளக்க முடியும்?

பதில்: உண்மை. நிலவு எழுப்பும் கடல் ஏற்றவற்றம் பூமியின் சுழற்சிக்கு மெல்லிய தடையாக இருக்கிறது. பூமி இழக்கும் சுழல் உந்தம் (சுழற்சியின் விசை அளவு) நிலவின் சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேர்வதால் நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிச் செல்கிறது. 1969 முதல் அப்பல்லோ வீரர்கள் அங்கு வைத்துவந்த எதிரொளிப்பான்களில் லேசர் ஒளியைப் பாய்ச்சி இதை அளக்கிறார்கள்.

நாள் நீள்வதோ நூறு ஆண்டுகளுக்குச் சுமார் 2 மில்லி நொடிதான். ஆனால் ஒவ்வொரு நாளின் சிறு வேறுபாடும் அடுத்த நாளின் வேறுபாட்டோடு கூடிக்கொண்டே வருவதால், நூற்றாண்டுகள் கடக்கும்போது அது மணிக்கணக்காகிவிடுகிறது. கி.மு. 136 ஏப்ரல் 15 அன்று பாபிலோனில் (இன்றைய இராக்கில் இருந்த பழைய நகரம்) முழுச் சூரிய மறைப்பைக் கண்டவர்கள் அதைக் களிமண் பலகையில் பதிந்து வைத்தார்கள். பூமி அன்றுமுதல் இன்றைய வேகத்திலேயே சுழன்றிருப்பதாகக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டால், அந்த நிழல் பாபிலோனைத் தொடாமல் ஏறத்தாழ 49 பாகை மேற்கே விழுந்திருக்க வேண்டும். அந்த விலகல்தான் பூமியின் சுழற்சி எவ்வளவு மெதுவாகிவிட்டது என்பதை நமக்கு அளந்து சொல்கிறது.