வாசகர் கேள்வி பதில்: பிரசங்க நேரத்தில் ஓடும் பிள்ளை

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது. எங்கள் ஆராதனை ஒன்றரை மணி நேரம். பாட்டு முடிந்து பிரசங்கம் தொடங்கியதுமே பெஞ்சுக்கு அடியில் புகுந்து நடைபாதையில் ஓடுகிறான். எல்லோரும் திரும்பிப் பார்ப்பதால் கடைசி பெஞ்சில்தான் உட்காருகிறோம். வெளியே தூக்கிப் போனால் சிரிக்கிறான். உள்ளே வந்தால் மறுபடி கத்துகிறான். ஐந்து வயதுவரை வீட்டிலேயே வைத்துக்கொள் என்கிறார் மாமியார். என்ன செய்யலாம்?

பதில்: வீட்டில் விட்டுவர வேண்டாம், சகோதரி. உட்காருவதும் பழக்கம்தான், ஐந்து வயது பிறந்த அன்று அது தானாக வந்துவிடாது.

முதலில் கடைசி பெஞ்சை விடுங்கள். மகனின் கண்மட்டத்துக்கு நீங்களும் ஒருமுறை குனிந்து பாருங்கள். முன்னால் இருப்பவரின் முதுகும் சட்டைக் காலரும்தான் தெரியும். பார்க்க ஒன்றுமில்லாத பிள்ளை ஓடத்தான் செய்யும். இரண்டாவது அல்லது மூன்றாவது வரிசையில், பக்கவாசலை ஒட்டிய ஓரத்தில் உட்காருங்கள். நடைபாதைப் பக்கம் பெரியவர் ஒருவர், உள்பக்கம் பிள்ளை. ஒலிபெருக்கிப் பெட்டிக்கு அருகே மட்டும் வேண்டாம். திடீரென எழும் சத்தத்தில் பிள்ளை மிரளும்.

மூன்று வயதில் ஒரே விஷயத்தில் மனம் நிற்பது சில நிமிடங்கள்தான். அதனால் பையில் நான்கு பொருள் இருக்கட்டும்: துணிப் புத்தகம், சத்தம் எழுப்பாத துணிப் பொம்மை, சின்ன நோட்டு, மூன்று கிரேயான். கிரேயான் முக்கோண வடிவில் இருப்பது நல்லது. உருண்டையானது பெஞ்சிலிருந்து உருண்டு விழும். அதைத் தேடித்தான் பிள்ளை பெஞ்சுக்கு அடியில் போகும். பாட்டு நேரத்தில் பையைத் திறக்காதீர்கள். எழுந்து நிற்க, கைதட்ட அப்போது அவனுக்கே வேலை இருக்கிறது. பிரசங்கம் தொடங்கியதும் ஒன்றைக் கொடுங்கள். சலித்ததும் அதை வாங்கி வைத்துவிட்டு அடுத்தது. இவற்றை வாரநாட்களில் கண்ணில் காட்டவே கூடாது. அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை புதுசாக இருக்கும். போன் வேண்டவே வேண்டாம். திரும்ப வாங்கும்போது வரும் அழுகை, ஓடுவதைவிடப் பெரிய சத்தம்.

வெளியே தூக்கிப் போவதில்தான் உங்கள் சிக்கலின் முடிச்சு இருக்கிறது. வெளியே இறக்கிவிட்டு ஓடவிட்டால், 'கத்தினால் விளையாட்டு' என்று பிள்ளை ஒரே வாரத்தில் கற்றுக்கொள்ளும். அடுத்த வாரம் ஐந்தாவது நிமிடத்திலேயே கத்தும். தூக்கிப் போங்கள், ஆனால் கீழே இறக்காதீர்கள். மடியில் வைத்து, பேச்சுக் கொடுக்காமல், அழுகை அடங்கும்வரை இரண்டு மூன்று நிமிடம் இருங்கள். அடங்கியதும் உள்ளே வந்துவிடுங்கள். முதல் ஞாயிறு நாலைந்து தடவைகூடப் போய்வர வேண்டியிருக்கும். அலுத்து விட்டுவிடாதீர்கள்.

வீட்டிலும் பழக்குங்கள். இரவு ஜெபத்தில் மூன்று நிமிடம் மடியில் உட்கார வையுங்கள். வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டுங்கள். காதோடு பேசுவதை விளையாட்டாகவே சொல்லிக்கொடுக்கலாம். ஆராதனைக்குப் பத்து நிமிடம் முன்னால் கழிப்பறைக்கு அழைத்துப் போங்கள். 'ஓடாதே' என்பதைவிட 'அம்மா பக்கத்தில் உட்காரு' என்பது பிள்ளைக்குப் புரியும். 'இயேசப்பா கண்ணைக் குத்துவார்' என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். யாரை நேசிக்கக் கூட்டிவந்தோமோ அவரைக் கண்டே பயந்துவிடும்.

கேள்வி: கைக்குழந்தைகளின் அழுகையில் மறையுரையே கேட்பதில்லை. தாய்மாரிடம் வெளியே இருக்கச் சொல்வது தவறா?

பதில்: சொல்லும் விதம்தான் முக்கியம். 2014 ஜனவரியில் வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் திருமுழுக்கு கொடுத்தபோது, பசித்தால் அங்கேயே பால் கொடுங்கள் என்று தாய்மாரிடம் சொன்னார் போப் பிரான்சிஸ். அதே சமயம், கைக்குழந்தைகளைத் தனியிடத்தில் பார்த்துக்கொண்டு, முடிவில் ஆசீருக்கு உள்ளே கொண்டுவரவும் 1973-ல் வத்திக்கான் வெளியிட்ட சிறுவர் திருப்பலி வழிகாட்டி இடம் தருகிறது. அப்படி ஓர் அறை ஒதுக்கினால், பார்த்துக்கொள்ள வாரம் இருவரை முறைவைத்து அமர்த்துங்கள். தாயையே அடைத்துவைக்கும் அறையாக அது ஆகிவிடக் கூடாது. அறை இல்லையென்றால், வாசலோரத்து இருக்கையை அவருக்கு விட்டுக்கொடுங்கள். குழந்தை சிணுங்கும்போதே எழுந்து போய்வர அவருக்கு வழி கிடைக்கும்.