லைனர் ஷீட்டும் கம்பெனிப் பணமும்: சில கேள்விகள், பதில்கள்

குப்பைக் கிடங்கு, கழிவுநீர்க் குளம் ஆகியவற்றின் அடியில் கசிவைத் தடுக்க விரிக்கும் ஹெச்டிபிஇ ஜியோமெம்பிரேன் (அடர்த்தியான பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் ஷீட், லைனர் என்பதும் இதைத்தான்) பற்றியும், அதில் பல்கலைக்கழகமும் தொழில்துறையும் சேர்ந்து செய்யும் ஆய்வு பற்றியும் கேட்டிருந்தீர்கள்.

இப்படிச் சேர்ந்து வேலை பார்த்ததற்கு நல்ல உதாரணம் எது?

பிலடெல்பியாவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகம். அபாயக் கழிவு கொட்டும் இடங்களுக்கு இரட்டை லைனர் வேண்டும் என்று அமெரிக்காவில் 1984-இல் சட்டம் வந்தது. ஷீட் எத்தனை வருஷம் தாங்கும் என்ற கேள்வி பெரிதானது. 1986-இல் பேராசிரியர் ராபர்ட் கோர்னர் அங்கே ஜியோசிந்தெடிக் (மண்ணோடு சேர்த்துப் பயன்படுத்தும் செயற்கை ஷீட், துணி வகைகள்) ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார். தயாரிப்பாளர்கள், ஆலோசகர்கள், அரசு அமைப்புகள் எல்லோரும் சந்தா கட்டி உறுப்பினர் ஆகும் ஏற்பாடு அது.

கம்பெனி பணம் தந்தால் கம்பெனிக்குப் பிடித்த முடிவுதானே வரும்?

ஒரே கம்பெனி தந்தால் அந்த ஆபத்து உண்டு. போட்டியாளர்கள் பலர் சேர்ந்து தரும்போது, ஒருவருக்குச் சாதகமாக வளைத்தால் அடுத்தவர் சும்மா இருக்க மாட்டார். இந்த நிலையம் ஹெச்டிபிஇ ஷீட்டுக்காக 1997-இல் கொண்டுவந்த ஜிஎம்13 தரக்குறிப்பைப் பாருங்கள். ஷீட்டின் தடிமனில் 20 சதவீதம் கீறி, 50 டிகிரியில் சோப்பு போன்ற கரைசலில் முக்கி, எடை தொங்கவிட்டு, எப்போது விரிசல் விட்டு அறுகிறது என்று பார்க்கும் சோதனை அதில் இருக்கிறது. முதலில் 200 மணி நேரம் தாங்கினால் போதும் என்றிருந்தது. பிறகு 300, இப்போது 500. தயாரிப்பாளர்கள் உறுப்பினராக இருக்கும் அமைப்பே அவர்களுக்கான அளவுகோலை இப்படி உயர்த்தியதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

நூறு வருஷம் தாங்கும் என்கிறார்களே, யார் இருந்து பார்த்தது?

யாரும் பார்க்கவில்லை, கணக்குதான். மாதிரிகளை 55 முதல் 85 டிகிரி வரை வெவ்வேறு சூட்டில் பத்து வருஷத்துக்கும் மேல் வைத்து, ஆன்டிஆக்சிடன்ட் (பிளாஸ்டிக் கெடாமல் காக்கச் சேர்க்கும் பொருள்) தீரும் வேகத்தை அளந்து, அதன்பின் பிளாஸ்டிக் சிதையும் வேகத்தையும் சேர்த்து, சாதாரண வெப்பநிலைக்குக் கணித்தார்கள். மண்ணால் மூடிய ஷீட்டின் பலம் பாதியாகக் குறைய 20 டிகிரியில் சுமார் 446 வருஷம், 30-இல் 166, 40-இல் வெறும் 69. குளிர்நாட்டுக் கணக்கை வெயில் நாட்டு டெண்டரில் அப்படியே ஒட்டுவது ஏன் தப்பு என்று இதிலேயே தெரியும். குப்பை மட்கும்போதும் சூடு ஏறும், அதையும் சேர்க்க வேண்டும். அப்புறம், பத்து வருஷச் சோதனையை ஒரு பிஎச்டி மாணவர் முடிக்க முடியாது, ஒரு கம்பெனியின் பட்ஜெட்டும் அவ்வளவு காலம் பொறுக்காது. பலர் சேர்ந்து போடும் பொதுநிதி வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

பிஎச்டிக்கு ஒரு கம்பெனி ஸ்பான்சர் செய்கிறது. கையெழுத்துக்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

முடிவு பாதகமாக வந்தாலும் பிரசுரிக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வெளியீட்டைத் தள்ளிவைக்கலாம் என்றிருந்தால் எத்தனை மாதம் என்று எழுதி வாங்குங்கள். சேர்மானச் சூத்திரத்தை ரகசியமாக வைக்கக் கேட்பது நியாயம், சோதனை முடிவை அப்படிக் கேட்பது நியாயமில்லை. கம்பெனி பொறுக்கி அனுப்பும் மாதிரியோடு நிற்காமல், சைட்டுக்கு வந்த ரோலிலிருந்தும் வெட்டி எடுங்கள்.

கம்பெனிக்கு இதில் என்ன லாபம்?

ஆளுக்கொரு தரக்குறிப்பு எழுதினால் ஆர்டருக்கு ஆர்டர் சரக்கை மாற்ற வேண்டும். பொதுக் குறிப்பு இருந்தால் அந்தத் தொல்லை குறையும்.

கோவையின் ஜவுளி ஆய்வு நிறுவனமான சிட்ராவில் ஜியோடெக்ஸ்டைல் (மண்ணுக்குள் விரிக்கும் துணி) ஆய்வுக்குப் போகலாமா?

சிட்ராவின் சிறப்பு மையம் மருத்துவ ஜவுளிக்கானது. ஜியோடெக்ஸ்டைலுக்கு மும்பையின் ஜவுளி ஆய்வு நிறுவனமான பிட்ராவை முதலில் கேளுங்கள்.