வாசகர் கேள்வி: வானத்திலிருந்து மண் ஈரம்

கேள்வி: பென்னாகரம் பக்கத்தில் இரண்டு ஏக்கர் மானாவாரிக் கொல்லையில் ராகி விதைத்து வருகிறேன். மேகத்துக்கு மேலே சுற்றும் செயற்கைக்கோள் மண்ணின் ஈரத்தை அளந்து சொல்லிவிடும் என்கிறார்கள். அது எப்படி முடியும்? அதை நம்பி விதைக்கலாமா?

பதில்: எல்லாப் பொருள்களும் தம் வெப்பநிலைக்கு ஏற்ப மிக மெலிந்த நுண்ணலைகளை வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றன, உங்கள் செம்மண்ணும் அப்படித்தான். மின்புலத்துக்கு ஒரு பொருள் எவ்வளவு இசைந்து கொடுக்கிறது என்பதைக் காட்டும் மின்காப்பு மாறிலி எனப்படும் பண்பு உலர்ந்த மண்ணுக்கு 3 அல்லது 4 என்ற அளவிலும் தண்ணீருக்கு ஏறக்குறைய 80 ஆகவும் இருப்பதால், மண் நனைய நனைய, வெளியேற வேண்டிய அலைகளில் ஒரு பகுதி மேற்பரப்பிலேயே மோதி உள்ளே திரும்பிவிடுகிறது. ஆகவே ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் ஈர நிலம் இந்த அலையில் மங்கலாகவும் காய்ந்த நிலம் பிரகாசமாகவும் தெரியும். நாசா 2015 ஜனவரியில் ஏவிய ஸ்மாப் செயற்கைக்கோள், 685 கி.மீ. உயரத்திலிருந்து 21 செ.மீ. அலைநீளத்தில் இந்த வேறுபாட்டைத்தான் படிக்கிறது. அந்த அலைக்கு மேகம் தடையே அல்ல. ராகிப் பயிரின் இலைகளையும் ஓரளவு ஊடுருவிவிடும்.

நம்புவதற்கு இரண்டு தடைகள் உண்டு. முதலாவது பரப்பு: ஸ்மாப் ஒருமுறை பார்க்கும் வட்டம் சுமார் 40 கி.மீ. அகலமுடையது, தருமபுரியிலிருந்து ஒகேனக்கல்லுக்குப் போகும் தொலைவைவிடச் சற்றே குறைவு. அதற்குள் காடும் மலையும் காவிரி நீரும் கலந்து கிடக்க, அவற்றுக்குத் திருத்தம் செய்த பிறகும் கிடைப்பது ஒரு சராசரிதான். (நுணுக்கமாகப் பார்க்க அதனுடன் அனுப்பப்பட்ட, தானே அலையை அனுப்பித் திரும்பி வருவதைப் படிக்கும் ரேடார் கருவி அதே ஆண்டு ஜூலையில் பழுதாகிவிட்டது.) 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் செயற்கைக்கோள், ரேடார் வழியே 200 மீட்டர் கட்டங்களில் ஈரம் காண முயல்கிறது, ஒரு கட்டம் ஏறக்குறைய 10 ஏக்கர். ஆனால் ரேடாருக்கு வேறொரு சிக்கல்: ஈர மண் ரேடார் அலையைக் கூடுதலாகத் திருப்பி அனுப்பும்; புதிதாக உழுத கொல்லையின் மண்கட்டிகளும் அலையைக் கூடுதலாகச் சிதறடிப்பதால், கவனிக்காவிட்டால் அது ஈரமென்றே கணக்காகும்.

இரண்டாவதுதான் உங்களுக்கு முக்கியம். இக்கருவிகள் அறிவது மேல் 5 செ.மீ. மண்ணை மட்டுமே. ஒரு தூறலுக்குப் பின் செயற்கைக்கோள் ஈரம் என்று சொல்லும் நாளில், மண்வெட்டியால் ஒரு சாண் வெட்டிப் பார்த்தால் அடியில் புழுதியாக இருக்கக்கூடும். ஆகவே வட்டார வறட்சியை மதிப்பிட இது நல்ல கருவி. உங்கள் விதைப்பு நாளை இதைக்கொண்டு முடிவு செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து.

கொல்லையின் ஈரத்தை அளந்து பார்க்க விரும்பினால், ஒரு லிட்டர் டப்பாவின் இரு முனைகளையும் வெட்டி நிலத்தில் செருகி, உள்ளே நிறைந்த மண்ணை மட்டும் எடுத்து எடை போடுங்கள். ஆய்வகங்களில் 105 டிகிரியில் ஒரு நாள் உலர்த்துவது போல முற்றிலும் காயவைத்து மறுபடி எடை போடுங்கள். 120 கிராம் குறைந்திருந்தால், ஒரு லிட்டர் மண்ணில் 120 மி.லி. தண்ணீர் இருந்தது, அதாவது ஈரம் நூற்றுக்கு 12. செயற்கைக்கோள் தரும் எண்ணும் இதே கன அளவுக் கணக்கில்தான் இருக்கும்.