எலும்பு ஸ்லைடில் சிலந்திக் கால்கள் எங்கே?

வணக்கம் ஐயா,

மருத்துவ ஆய்வக நுட்பவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நைட்ரிக் அமிலத்தில் நான்கு நாள் போட்டு வைத்து நாங்கள் செய்த எலும்பு ஸ்லைடு முழுக்க வெளிறிய இளஞ்சிவப்பாக இருக்கிறது. உட்கருக்களில் நீலமே ஏறவில்லை. பாடப்புத்தகப் படத்தில் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் சிலந்திக் கால் போலக் கறுப்புக் கோடுகள் ஓடுகின்றன. எங்கள் ஸ்லைடில் அதுவும் இல்லை. எங்கே தவறினோம்? தசை, குருத்தெலும்பு ஸ்லைடுகளும் தேர்வில் குழப்புகின்றன.

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

நீலம் ஏறாதது செய்முறைத் தவறு. சிலந்திக் கால்கள் தெரியாதது தவறே அல்ல. நீங்கள் பார்த்த படம் வேறு வகை ஸ்லைடுடையது.

அந்தப் படத்தில் இருப்பது அமிலமே படாத காய்ந்த எலும்பு. தொடை எலும்பின் தண்டை மெல்லிய ரம்பத்தால் குறுக்காக அறுத்து, நீர் விட்டு முதலில் சொரசொரப்பான உப்புத்தாளிலும் பிறகு நைசான தாளிலும் தேய்த்துக்கொண்டே வர வேண்டும். 50 மைக்ரான் அளவுக்கு மெலிந்ததும் நன்றாக உலர்த்தி, கெட்டியான கனடா பால்சம் என்ற பிசினில் பதிக்க வேண்டும். செல்கள் எப்போதோ அழிந்துவிட்டன. அவை இருந்த குழிகளிலும், குழிகளை இணைக்கும் நுண்கால்வாய்களிலும் இப்போது காற்றுதான் இருக்கிறது. அந்தக் காற்று ஒளியைச் சிதறடிப்பதால்தான் கறுப்பாகத் தெரிகிறது. பால்சம் நீர்த்திருந்தால் கால்வாய்க்குள் புகுந்து காற்றை வெளியேற்றிவிடும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடுகள் மறையும். இந்த வகை ஸ்லைடில் அதிகம் கெடுவது இந்தக் கட்டத்தில்தான்.

இந்தக் கால்வாய்கள் எதற்கு? சுண்ணாம்பு இறுகிய எலும்புக்குள் உணவு ஊடுருவிப் போக முடியாது. நடுவிலிருக்கும் ஹேவர்சியன் கால்வாயின் ரத்தக் குழாயிலிருந்து, செல்லுக்குச் செல் கை நீட்டித்தான் உணவு போய்ச் சேர்கிறது. அதனால்தான் ஆஸ்டியான், அதாவது அந்தக் கால்வாயைச் சுற்றி அடுக்கடுக்காக அமைந்த எலும்பு அலகு, சுமார் 200 மைக்ரான் விட்டத்தோடு நின்றுவிடுகிறது.

இனி உங்கள் ஸ்லைடு. அமிலம் சுண்ணாம்பை மட்டும் கரைப்பதில்லை. அதிக நேரம் கிடந்தால் உட்கருவின் நியூக்ளிக் அமிலங்களையும் சிதைத்துவிடும். பிறகு உட்கருவுக்கு நீலம் ஏற்றும் ஹிமாடாக்சிலின் சாயம் ஒட்ட இடமே இருக்காது. எவ்வளவு நேரம் சாயத்தில் வைத்தாலும் பயனில்லை. நைட்ரிக் அமிலம் மிக வேகமானது. சிறு துண்டை ஒரு நாளுக்கு மேல் விட்டாலே சாயம் கெடத் தொடங்கும். நான்கு நாள் மிக அதிகம்.

அடுத்த முறை 3 முதல் 5 மி.மீ. கனத்தில் துண்டு எடுங்கள். 10 சதவீத ஃபார்மலினில் இரண்டு நாள் நன்றாகப் பதப்பட்ட பிறகே அமிலத்துக்குப் போங்கள். சரியாகப் பதப்படாத திசுவை அமிலம் இன்னும் மோசமாகக் கெடுக்கும். 10 சதவீத ஃபார்மிக் அமிலம் போதும். துண்டின் கன அளவைப் போல் 20 மடங்கு எடுத்து, துண்டு அடியில் கிடக்காதபடி நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். தினமும் அமிலத்தை மாற்றுங்கள். மாற்றும்போது பழைய அமிலத்தில் 5 மி.லி. எடுத்து, லிட்மஸ் தாள் வைத்து அம்மோனியாவால் நடுநிலையாக்கி, 5 மி.லி. செறிந்த அம்மோனியம் ஆக்சலேட் கரைசலைச் சேர்த்து அரை மணி நேரம் வையுங்கள். கலங்கினால் சுண்ணாம்பு இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அடுத்தடுத்து இரண்டு முறை தெளிவாக இருந்தால் உடனே எடுத்துக் கழுவிவிடுங்கள். குண்டூசியால் குத்திப் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்; அந்த ஓட்டை ஸ்லைடில் அப்படியே தெரியும். அவசரமில்லை என்றால், அமிலத்துக்குப் பதிலாக, சுண்ணாம்பை மெதுவாகப் பிணைத்து எடுக்கும் ஈடிடிஏ (EDTA) கரைசல்தான் என் தேர்வு. வாரக்கணக்கில் ஆகும், ஆனால் உட்கருக்கள் பளிச்சென்று கிடைக்கும்.

குருத்தெலும்பில் ரத்தக் குழாயும் இல்லை, நுண்கால்வாயும் இல்லை. நீர் நிறைந்த கூழ் வழியாகவே உணவு கசிந்து போகிறது. மூச்சுக்குழல் ஸ்லைடில் செல்கள் இரண்டு நான்காகக் கூடிக் கிடக்கும். அவற்றைச் சுற்றி நீலம் அடர்ந்திருக்கும். குழிக்குள் செல் சுருங்கி ஓரத்தில் ஒட்டியிருப்பதை நிஜ அமைப்பு என்று எழுதிவிடாதீர்கள். உயிரோடு இருக்கும்போது செல் குழியை நிறைத்தே இருக்கும், பதப்படுத்தும்போதுதான் சுருங்குகிறது. காது மடலின் குருத்தெலும்பைச் சாதாரணச் சாயத்தில் உறுதியாகச் சொல்வது கடினம். வெர்ஹாஃப் சாயம் போட்டால் மீள்நார்கள் கறுப்பாக எழும்பும்.

எலும்புத் தசையில் உட்கரு நாரின் ஓரத்தில் இருக்கும், ஒரே நாரில் பல இருக்கும். இதயத் தசையில் உட்கரு நடுவில். நார் கிளை விடும். இரண்டிலும் குறுக்கு வரிகள் உண்டு. அவை தெரியவில்லை என்றால் நுண்ணோக்கியில் ஒளியைக் குவிக்கும் கண்டென்சரைக் கொஞ்சம் இறக்கி, அதன் ஒளித்துளையான டயாஃப்ரமைக் குறுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே வரி தெரிந்துவிடும்.

மாணவர்கள் அதிகம் தவறுவது வரியில்லாத் தசையையும் தசைநாணையும் பிரிப்பதில். தசையில் உட்கரு செல்லுக்குள் இருக்கும். செல் சுருங்கியிருந்தால் உட்கருவும் திருகு போல முறுக்கிக்கொண்டிருக்கும். தசைநாணில் நார்களுக்கு இடையே நசுங்கி, மெல்லிய கோடாகக் கிடக்கும். இதற்குமேலும் சந்தேகம் வந்தால் மாஸன் மூவண்ணச் சாயம் போடுங்கள். தசை சிவப்பாக வரும். தசைநாணின் கொலாஜன், ஆய்வகம் பயன்படுத்தும் சாயத்தைப் பொறுத்து, நீலமாகவோ பச்சையாகவோ வரும்.